ஏழாவது கிலோமீட்டரில் ஏறிய சூடு: டிரெய்லர் இழுத்த ஓர் ஏற்றத்தின் நிகழ்வு ஆய்வு

ஏற்றம் தொடங்கி ஏழாவது கிலோமீட்டர். அதுவரை நடுவில் அசையாமல் நின்ற வெப்ப முள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் கோட்டுக்குப் போனது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எச்சரிக்கை மணி அடித்தது. இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொண்டது. ஓரம் கட்டும்போது பானட் இடுக்கு வழியே ஆவி வந்துகொண்டிருந்தது. பின்னால் 1,400 கிலோ டிரெய்லர்.

வண்டி லேடர் ஃப்ரேம் மேல் கட்டியது. ஃபோர் வீல் டிரைவ், நான்கு சிலிண்டர் டர்போ டீசல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது அல்ல, இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் விஸ்கஸ் கிளட்ச் வகை. ஆட்களும் சாமான்களும் சேர்த்து வண்டி 2,200 கிலோ, டிரெய்லரோடு 3,600. ஏற்றம் 11 கிலோமீட்டர், சராசரியாக நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும். அன்று காற்று 34 டிகிரி. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கியர் டி-யில், அதாவது வண்டியே கியரை மாற்றிக்கொள்ளும் நிலையில், வேகம் 60.

நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பிவிடத்தான் கை போகும். நான் திருப்பவில்லை. இன்ஜின் சூட்டை எடுத்துச் செல்லும் நீர்க்கலவையான கூலன்ட் முழுக்க வெளியேறாத வரை இன்ஜினைச் சற்றுக் கூடுதலான ஐடிலில், நிமிடத்துக்கு 1,200 சுற்று அளவில், ஓடவிடுவதுதான் நல்லது. நிறுத்திவிட்டால் பம்ப்பும் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டில் தேங்கியிருக்கும் சூடு போக வழியில்லாமல் அங்கேயே இருக்கும் நீரைக் கொதிக்க வைக்கும். டர்போவில் நிற்கும் எண்ணெயும் கருகும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் வைத்து, ஃபேனைக் கடைசிப் படியில் போட்டேன். ஹீட்டர் என்பது கேபினுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், சில கிலோவாட் சூட்டை வெளியே எடுக்கும். கூலன்ட் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தால், அல்லது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கதை வேறு. அப்போது பம்ப் சுற்றுவதற்கு உள்ளே நீர் இல்லை என்று அர்த்தம், உடனே அணைத்துவிட வேண்டும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்த்து, அழுத்தம் இறங்கிய பிறகுதான் திறந்தேன். ஒன்றரை லிட்டர் குறைந்திருந்தது. நீர் ஊற்றி, திரும்பி மெதுவாக இறங்கினோம்.

தண்ணீர்ப் பக்கம் தேடிய நாட்கள்

வண்டி சூடானால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது தெர்மோஸ்டாட், சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடும் வால்வு. நானும் அதைத்தான் மாற்றினேன். கூலன்ட்டும் புதிதாக ஊற்றினேன். ரேடியேட்டர் மூடியை அழுத்தக் கருவியில் வைத்துப் பார்த்தோம், அதில் எழுதியிருந்த 1.1 பாரைத் தாங்கியது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போயிருக்குமோ என்ற பயம் பெரிதாக இருந்ததால், ரேடியேட்டர் வாயில் வைத்து உறிஞ்சும் நீலத் திரவச் சோதனையையும் செய்தோம். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

இரண்டாவது முறை அதே டிரெய்லரோடு ஏறினோம். அதே ஏழாவது கிலோமீட்டர். இம்முறை முள் அசையத் தொடங்கியதுமே நிறுத்திவிட்டதால் ஆவி வரவில்லை.

"ரேடியேட்டரை மாத்திடுங்க சார், அடைச்சிருக்கும்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னதில் தவறில்லை, பல வண்டிகளில் அதுதான் காரணம். ஆனால் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. டிரெய்லர் இல்லாமல் இதே வண்டி சமதளத்தில் 100-இல் மணிக்கணக்காக ஓடுகிறது, முள் அசையவில்லை. சின்னச் சின்ன மேடுகளில் டிரெய்லரோடு ஏறுகிறது, அப்போதும் ஒன்றும் இல்லை. நீண்ட ஏற்றத்தில் மட்டும் ஏன்? அடுத்த பாகத்தை வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முள் சொல்லாதது

வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு ரீடரைச் செருகி, கூலன்ட் வெப்பத்தையும் கியர்பாக்ஸ் எண்ணெய் வெப்பத்தையும் எண்ணாகப் பார்க்க ஆரம்பித்தோம். முதல் நாளே ஒரு உண்மை தெரிந்தது. என் வண்டியில் கூலன்ட் 78 டிகிரியிலிருந்து 106 வரை எங்கே இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. இது பழுதே அல்ல. முள் கொஞ்சம் ஆடினாலும் ஓட்டுபவர் பதறுவார் என்று, பல நிறுவனங்கள் இப்படித்தான் அமைக்கின்றன. மலையில் டிரெய்லர் இழுப்பவருக்கு அந்த வசதியே ஆபத்தாகிறது. முள் கிளம்பும்போது கையில் மிச்சம் இருப்பது சில டிகிரிதான். டிரெய்லர் இழுக்கும் யாராக இருந்தாலும், வேறு எதையும் வாங்குவதற்கு முன் அந்த ரீடரை வாங்கச் சொல்வேன்.

அப்புறம் கணக்கு. 3,600 கிலோவை ஏழு சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் தூக்க, சரிவுக்கு மட்டும் 41 கிலோவாட் வேண்டும். டயர் உருளும் தடையையும் காற்றுத் தடையையும் சேர்த்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 56. எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வேலையாகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, இன்னொரு பங்கு கூலன்ட்டில் சேர்கிறது. அப்படிப் பார்த்தால் 50 கிலோவாட்டுக்குக் குறையாத சூட்டை ரேடியேட்டர் இடைவிடாமல் வெளியே தள்ள வேண்டும். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் இருபத்தைந்தை ஒரே நேரத்தில் போட்டது போல.

ரேடியேட்டர் 45 கிலோவாட்தான் தள்ளுகிறது என்று வையுங்கள். மிச்சம் 5 கிலோவாட் இன்ஜின் இரும்பிலும் கூலன்ட்டிலும் சேர்ந்துகொண்டே போகும். அவற்றின் எடைக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு இரண்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல் ஏறும். 92-இல் தொடங்கினால் 108-க்கு வர ஆறேழு நிமிடம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆறேழு நிமிடம் என்றால் ஆறேழு கிலோமீட்டர். சின்ன மேட்டில் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில். பத்து சதவீதக் குறை இருந்தாலும் மேடு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது.

இரண்டு ஹோஸ், ஒரு கேள்வி

குறை எந்தப் பக்கம்? இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூட்டைக் கொண்டுவருவது நீர். அங்கிருந்து வெளியே எடுத்துப்போவது காற்று. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கழுத்திலும் கீழ் ஹோஸ் கழுத்திலும் ஒவ்வொரு வெப்ப உணர்கம்பியை ஒட்டி, மேலே பஞ்சு சுற்றி மூடினேன். இந்த இரண்டு எண்களின் வித்தியாசம் நிறையச் சொல்லும். பம்ப் சரியாகத் தள்ளவில்லை என்றால், தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கவில்லை என்றால், ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்திருந்தால், நீர் குறைவாக ஓடும். குறைந்த நீர் அதே சூட்டைச் சுமக்க வேண்டியிருப்பதால் வித்தியாசம் பெரிதாகும். 15, 20 டிகிரிகூட வரலாம். நீர் நன்றாக ஓடி, காற்றுதான் போதவில்லை என்றால், வித்தியாசம் சிறிதாகவே இருக்கும். ஆனால் இரண்டு எண்களும் கைகோத்துக்கொண்டு மேலே ஏறும்.

இன்னும் இரண்டு கம்பிகள் போட்டேன். ஒன்று கிரில்லுக்கு முன்னால், வெளிக்காற்றுக்கு. மற்றொன்று ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், ரேடியேட்டரைத் தொடும் காற்று எத்தனை டிகிரியில் வருகிறது என்று பார்க்க. யோசித்துப் பார்த்தால் ரேடியேட்டருக்கு, வெளியே உள்ள பருவநிலை தெரியாது. தன் முகத்தில் படும் காற்றுதான் அதற்குப் பருவநிலை. அந்தக் காற்று ஒரு டிகிரி கூடினால், அதே சூட்டைத் தள்ள கூலன்ட்டும் ஒரு டிகிரி கூடியாக வேண்டும்.

வெவ்வேறு நாட்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட ஒரு எளிய வழி, கூலன்ட் வெப்பத்திலிருந்து வெளிக்காற்றின் வெப்பத்தைக் கழித்துவிடுவது. அதை 'இடைவெளி' என்று எழுதி வைத்தோம். இடைவெளி குறைந்தால் முன்னேற்றம். ஆறாவது கிலோமீட்டர் கல்லை அளவு எடுக்கும் இடமாக வைத்துக்கொண்டோம். தம்பி பக்கத்து சீட்டில் நோட்டோடு உட்கார்ந்தான்.

முதல் ஓட்டம், எதையும் மாற்றாமல். டி கியர், 60, ஏசியோடு. நாலாவது கிலோமீட்டரில் 101. ஆறாவதில் "அண்ணா, 108, நிறுத்திடலாம்" என்றான். நிறுத்தினோம். வெளியே 33, ஆக இடைவெளி 75, அதுவும் ஏறிக்கொண்டே இருக்கும்போது. மேல் ஹோஸ் 107, கீழ் ஹோஸ் 99. வித்தியாசம் வெறும் 8. 50 கிலோவாட்டை 8 டிகிரி வித்தியாசத்தில் சுமக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 100 லிட்டர் அளவுக்கு நீர் ஓட வேண்டும். ஓடுகிறது. பம்ப் நன்றாக இருக்கிறது, தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது, ரேடியேட்டர் உள்ளே அடைக்கவில்லை.

நடுக்கம்பி காட்டிய எண்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே 33 இருக்கும்போது ரேடியேட்டர் முகத்தில் 52. என் ரேடியேட்டர் 52 டிகிரிப் பாலைவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

காற்றுப் பக்கம்

ஒரு லிட்டர் கூலன்ட் ஒரு டிகிரிக்குச் சுமக்கும் சூடு, ஒரு லிட்டர் காற்று சுமப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல். அதனால்தான் நீருக்கு ஒரு ஹோஸ் போதுமாகிறது, காற்றுக்கோ வண்டியின் முன்முகம் முழுவதும் தேவைப்படுகிறது. 50 கிலோவாட்டை எடுத்துப்போக வினாடிக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் காற்று அந்தத் தகடுகளுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அது தானாக நடக்கிறது. ஏற்றத்தில் சூடு அதிகம், வேகம் குறைவு. காடு மேடு என்று ஃபோர் வீல் டிரைவின் மிகக் குறைந்த வேகத் தொகுதியான லோ ரேஞ்சில் ஊர்ந்தால் முன்காற்று என்பதே இல்லை, எல்லா வேலையும் ஃபேன் தலையில்.

முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரிந்தது. தெரிந்தது ரேடியேட்டரே அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் கண்டென்சர். இருட்டிய பிறகு இன்ஜின் பக்கமிருந்து ஒரு டார்ச்சை அடித்து முன்னால் நின்று பார்த்தோம். மேல்பாதியில் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வந்தது. கீழே மூன்றில் ஒரு பங்கு கும்மிருட்டு. ரேடியேட்டரின் மேல் பிடிப்புகளைக் கழற்றி அதைப் பின்னால் சாய்த்தபோது தெரிந்தது: இரண்டுக்கும் நடுவே காய்ந்து இறுகிய சேறு, புல் விதை, பூச்சி இறகு. சேற்றுக் குழியிலும் ஆற்றிலும் இறங்கி ஏறிய ஒவ்வொரு பயணமும் அங்கே ஒரு படலத்தை விட்டுப் போயிருக்கிறது. ஆஃப்ரோடு வண்டிக்கு அதிகம் வரும் நோய் இது. எத்தனை முறை முன்பக்கம் கழுவினாலும் அது போகாது, இன்னும் உள்ளேதான் தள்ளும்.

கழுவும் முறை முக்கியம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, அதாவது காற்று வந்த திசைக்கு எதிராக, சாதாரணக் குழாய் நீர். பிரஷர் வாஷர் வேண்டாம்; தகடுகள் மெல்லிய அலுமினியம், ஒரு வீச்சில் படுத்துவிடும், பிறகு அந்த இடத்தில் காற்றே போகாது. அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவி, மறுபடி ஊறவிட்டு, டார்ச் வெளிச்சம் கீழ்மூலை வரை ஒரே சீராக வரும்வரை செய்தோம். ஒரு நாள் முழுக்க ஆனது.

இரண்டாவது ஓட்டம், கழுவியது மட்டும். அதே டி, அதே 60, ஏசி. வெளியே 34, ஆறாவது கல்லில் 104. இடைவெளி 70. முகக்காற்று 50. ஐந்து டிகிரி குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் முகக்காற்று இன்னும் வெளிக்காற்றைவிட 16 டிகிரி அதிகம். கண்டென்சரும், டர்போ அழுத்தும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் கொஞ்சம் சூடாக்கும், சரி. அதற்காக இவ்வளவா?

ரேடியேட்டரின் இடப்பக்கம் கையை விட்டபோது விடை கிடைத்தது. ரேடியேட்டர் விளிம்புக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடுக்கு. மேலேயும் அப்படித்தான். அங்கே ஃபோம் பட்டை இருந்திருக்க வேண்டும், பசையின் தடம் மட்டும் மிச்சம் இருந்தது. முன்பு ஒரு முறை ஏசிக்காகக் கண்டென்சரைக் கழற்றிய இடத்தில் அதைத் திரும்ப ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். குப்பை என்று நினைத்திருப்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அந்த ஃபோம் செய்யும் வேலை பெரிது. ஃபேன் உறிஞ்சும்போது காற்று எளிய வழியைத் தேடும். முன்னாலிருந்து மூன்று அடுக்குத் தகடுகளைத் தாண்டி வருவதைவிட, பக்கவாட்டு இடுக்கு வழியாகச் சுற்றி வருவது அதற்கு எளிது. அப்படிச் சுற்றி வருவது ஏற்கனவே ரேடியேட்டரைக் கடந்து சூடான இன்ஜின் அறைக் காற்று. ஒரே காற்றை இரண்டு முறை, மூன்று முறை சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் ஷ்ரவுடின் கீழ்த்துண்டும் உடைந்து காணாமல் போயிருந்தது. ஷ்ரவுட் இல்லாத இடத்தில் ஃபேன் இறக்கையின் நுனி, தனக்குப் பின்னாலிருக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே வேலையாகச் சரிசெய்தோம்: நீர் உறிஞ்சாத ஃபோம் பட்டை நான்கு பக்கமும், கீழ்த்துண்டு புதிது. கிரில்லை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு துணை விளக்குகளையும் கழற்றிவிட்டேன். அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தட்டு அளவுக்குக் காற்றை மறைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஓட்டம். வெளியே 33. முகக்காற்று 42. ஆறாவது கல்லில் கூலன்ட் 96, இடைவெளி 63. முகக்காற்றின் ஏற்றம் 16-லிருந்து 9 ஆனது, அதாவது ஏழு டிகிரி குறைந்தது. இடைவெளியும் சரியாக ஏழு குறைந்தது. ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாத ஃபோம் பட்டை, ஒரு நாள் முழுக்கக் கழுவியதைவிட அதிகம் செய்திருக்கிறது. இந்த ஆய்வில் எனக்கு மிகப் பிடித்த வரி நோட்டின் அந்த வரிதான்.

மௌனமாக இருந்த ஃபேன்

முடிந்தது என்று நினைத்தோம். எட்டாவது கிலோமீட்டரில் முன்னால் ஒரு கனரக லாரி. அதன் பின்னால் 25-இல் ஊர்ந்தோம். 99, 102, 105. வேகம் குறைந்ததால் இன்ஜின் வேலையும் பாதிக்குக் கீழே போயிருந்தது, ஆனாலும் சூடு ஏறியது. 107-இல் மறுபடி ஓரம் கட்டினோம்.

தம்பிதான் கேட்டான், "அண்ணா, இந்த ஃபேன் சத்தமே போடலையே?" உண்மை. விஸ்கஸ் ஃபேன் பிடித்தால் லாரி கடப்பது போல ஒரு இரைச்சல் வரும். இந்த வண்டியில் அதைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைவில்லை.

விஸ்கஸ் கிளட்ச்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. முன்முகத்தில் சுருண்ட ஒரு இரட்டை உலோகப் பட்டை, ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானதும் வளைந்து ஒரு சிறிய வால்வைத் திறக்கும். எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் ஓடி, இன்ஜின் சுற்றை ஃபேனுக்குக் கடத்தும். ஆண்டுகள் போகப் போக எண்ணெய் கசியும், கிளட்ச் வழுக்கும். பார்க்கும் முறை எளிது: நன்றாகச் சூடான இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு சுண்டு சுண்ட வேண்டும். நல்ல கிளட்ச் தேனில் சுழல்வது போல ஒரு சுற்றுக்குள் நின்றுவிடும். என்னுடையது ஆறு சுற்று சுற்றியது. பேரிங்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய கறுப்பு வளையம் வேறு. வண்டி வாங்கிய நாள் முதல் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

இதைக் கழற்றிவிட்டு மின்சார ஃபேன் போடலாமே என்று பலர் சொன்னார்கள். டிரெய்லர் இழுப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 12 வோல்ட் ஃபேன் ஒன்று 30 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 360 வாட். இன்ஜின் சுற்றும் ஃபேன் முழுக்கப் பிடித்தால் பல கிலோவாட் எடுத்துக் காற்றைத் தள்ளும். அந்தக் காற்றுதான் ஏற்றத்தில் நமக்கு வேண்டும். புதிய கிளட்ச்சைப் பூட்டினேன். நாலாவது ஓட்டத்தில் வேண்டுமென்றே எட்டாவது கிலோமீட்டரில் 25-க்கு இறக்கினோம். 98-இல் இரைச்சல் தொடங்கியது. எண் அதற்கு மேல் ஏறவே இல்லை.

கியர்

பாகங்களைத் தொடுவதற்கு முன்பே ஒரு ஓட்டம் தனியாகச் செய்திருந்தேன், அதை இங்கே சொல்வதுதான் பொருத்தம். சேறு, ஃபோம், கிளட்ச் எல்லாம் பழையபடி. கியரை மட்டும் கையால் மூன்றில் வைத்து, வேகத்தை 50 ஆக்கினேன். ஏசி ஓடியது. வெளியே 33, ஆறாவது கல்லில் 101. இடைவெளி 75-லிருந்து 68. ஒரு பைசா செலவில்லாமல் ஏழு டிகிரி.

ஒரு பாதி காரணம் கணக்கிலேயே தெரிகிறது. 60-இல் 56 கிலோவாட் வேண்டிய இடத்தில் 50-இல் 45 போதும். மறுபாதி பலருக்குப் புரிவதில்லை. கியரைக் குறைத்தால் இன்ஜின் கத்துகிறது, கத்தினால் சூடாகும் என்று நினைக்கிறோம். அதே ஏற்றத்தை உயர்ந்த கியரில் 1,700 சுற்றில் திணறி ஏறுவதைவிட, குறைந்த கியரில் 2,100-இல் ஏறினால் பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். ஒவ்வொரு அடிப்புக்கும் சிலிண்டரில் எரியும் டீசலும் குறையும். ஆட்டோமேட்டிக்கில் இன்னொன்றும் உண்டு. டி-யில் விட்டால் நாலாவது கியரில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதும் விடுவதுமாகத் தடுமாறும். பூட்டாத கன்வெர்ட்டர் எண்ணெயைக் கடைந்துகொண்டிருக்கிறது, அந்தக் கடைசல் முழுவதும் சூடு. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் சுருள் எங்கே இருக்கிறது? ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே. ஆக அந்தச் சூடும் கூலன்ட் தலையில்தான் விழுகிறது. டி-யில் எண்ணெய் 118-க்குப் போனது. மூன்றில் கன்வெர்ட்டர் பூட்டியே இருந்தது, எண்ணெய் 101-ஐத் தாண்டவில்லை. கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கூலர் வைப்பது நல்ல செலவு. ஆனால் அது இந்த ஆய்வுக்குள் வரவில்லை, நான் இன்னும் வைக்கவில்லை.

ஒரு நாள் மட்டும் காரணமே இல்லாமல் எண்கள் மூன்று டிகிரி கூடுதலாக வந்தன. எல்லாவற்றையும் மறுபடி பார்த்தோம், ஒன்றும் இல்லை. மேலே போய் இறங்கியபோது சட்டை முன்னால் பறந்தது: காற்று பின்னாலிருந்து வீசிக்கொண்டிருந்தது. 50-இல் போகும் வண்டிக்குப் பின்னால் 20-இல் காற்று வீசினால் ரேடியேட்டருக்கு அது 30-இல் போகும் வண்டி. அந்த நாளின் அளவை நோட்டில் அடித்துவிடாமல், பக்கத்தில் 'பின்காற்று' என்று எழுதி வைத்திருக்கிறோம்.

செய்யாமல் விட்டவை

தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடச் சொன்னார்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்து இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சுடுநீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் திரும்ப இன்ஜினுக்கே வரும். நீர் மெதுவாக ஓடினால்தான் ரேடியேட்டரில் ஆற நேரம் கிடைக்கும் என்பதும் தவறு; மெதுவாக ஓடும் நீர் இன்ஜினிலும் அதிக நேரம் நின்று கூடுதலாகச் சூடாகிறது.

பானட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்குவதும் அப்படித்தான். முன்கண்ணாடியின் அடியில் ஓட்டத்தின்போது காற்றழுத்தம் அதிகம். வேகமாகப் போனால் சூடான காற்று வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே நுழைந்து, ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றைத் தடுக்கும். நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் பலன் தரும்.

கூலன்ட் கலவையைப் பற்றி ஒரு வரி. தெர்மோஸ்டாட் மாற்றிய நாளில் நான் அடர்த்தியான கூலன்ட்டைக் கலக்காமலே ஊற்றியிருந்தேன்; பிறகு அளந்தபோது மூன்றில் இரண்டு பங்கு கிளைக்கால், அதாவது கூலன்ட்டின் மூல வேதித் திரவம், இருந்தது. அது கொதிநிலையை உயர்த்தும், ஆனால் சூட்டைச் சுமப்பதில் நீரைவிட மட்டம். கடைசி ஓட்டத்துக்கு முன் பாதிக்குப் பாதியாக்கினேன்.

டிரெய்லர் எடையை உற்பத்தியாளர்கள் அறிவிப்பதற்கு வாகனப் பொறியாளர்களின் அமைப்பான எஸ்.ஏ.இ.-யின் ஜே2807 என்று ஒரு தரமுறை 2008-இல் வந்தது. அதில் அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம் ஒரு சோதனை: 11.4 மைல், குறைந்தது 38 டிகிரி வெயில், ஏசி முழு அளவில், முழு எடையோடு. மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். ஏசியை அணைக்காமல் ஏறச் சொல்வதுதான் அதில் எனக்குப் பிடித்த நிபந்தனை. அதனால்தான் என் ஓட்டங்கள் எல்லாவற்றிலும் ஏசியை ஓடவிட்டேன். ஏசியை அணைத்தால்தான் ஏறும் என்றால், குளிர்விப்பில் கையிருப்பு எதுவும் இல்லை என்று பொருள்.

கடைசி ஓட்டம்

வெளியே 36, எங்களுக்குக் கிடைத்ததிலேயே சூடான நாள். மூன்றாவது கியர், 50, ஏசி. நாலாவது கிலோமீட்டரில் 93, ஆறாவதில் 94. இடைவெளி 58. தம்பி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எழுதிக்கொண்டே வந்தான். ஏழாவது கிலோமீட்டரில் முதல் நாள் ஓரம் கட்டிய அதே வளைவைக் கடந்தோம், அப்போதும் 94. ஒன்பதாவதில் மறுபடி ஒரு லாரி மாட்டியது. இரண்டாவது கியருக்கு இறக்கி, அதன் பின்னால் 25-இல் மூன்று நிமிடம் ஊர்ந்தோம். 97-இல் ஃபேன் இரைந்தது, எண் அங்கேயே நின்றது, லாரி ஒதுங்கி வழிவிட்டதும் 94-க்குத் திரும்பியது. உச்சியில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்தேன். முள் எப்போதும் போல நடுவில் நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை.